தெலோனேயின் முடிவில்லாத் தாளம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு ஓவியம்தான். பிரெஞ்சு ஓவியர் ரொபேர் தெலோனே 1934இல் வரைந்த 'முடிவில்லாத் தாளம்'. லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. திரையில் போட்டிருக்கிறேன், பாருங்கள். இது என்ன படம் என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள்.

ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக வட்டங்கள் வரிசையாக ஏறுகின்றன. கறுப்பும் வெள்ளையும் பக்கம் மாறி மாறி வருகின்றன, இடையிடையே வண்ணங்கள். இப்போது ஏதாவது ஒரு வட்டத்தின் விளிம்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போங்கள். பாதி வந்ததும் நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த வட்டத்தின் மறுபக்கத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கிருந்து திரும்ப இந்தப் பக்கம். எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. அசையாத துணியில் இப்படி ஓட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறாரே, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

சரி, வண்ணத்துக்கு வருவோம். தெலோனேக்கு வழிகாட்டியவர் ஒரு வேதியியல் அறிஞர், ஷெவ்ரல். பாரிஸில் கோபெலன் என்ற அரசு நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்தவர். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த வண்ணம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது. இதை விரிவாக எழுதி 1839இல் புத்தகமாக்கினார். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறத் தாளை இரண்டாக வெட்டி, ஒன்றைக் கறுப்பு அட்டையிலும் இன்னொன்றை வெள்ளை அட்டையிலும் வையுங்கள். இரண்டும் வேறு வேறு நிறமாகத் தெரியும்.

தெலோனே முதல் உலகப் போருக்கு முன்பே வண்ண வட்டங்கள் வரைந்தவர். கவிஞர் அப்பொலினேர் அந்தப் போக்குக்கு ஓர்ஃபிசம் என்று பெயர் வைத்தார். இருபதுகளில் ஓட்டக்காரர்கள், ஈஃபில் கோபுரம் என்று உருவங்கள் பக்கம் போய்விட்டு, 1930 வாக்கில் வட்டங்களுக்குத் திரும்பினார். அந்த இரண்டாம் வருகைதான் இன்னும் துணிச்சலானது என்பேன். தேவையில்லாத எதுவும் இதில் இல்லை.

அப்புறம், 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவரும் மனைவி சோனியாவும் ரயில்வே, விமான அரங்குகளுக்குப் பிரம்மாண்டமான சுவரோவியங்கள் செய்தார்கள். அடுத்த ஆண்டு வரைந்த 'தாளம் எண் 1' பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் மட்டும் 5 மீட்டருக்கு மேல். அங்கே போகிறவர்கள் முதலில் நன்றாகத் தள்ளி நின்று பாருங்கள், பிறகு கிட்டே போங்கள்.