அரிவாள் யார் கையில்?

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. ‘அசுரன்’ பார்க்காதவர்கள் கையைத் தூக்குங்கள். ஒருவர்கூட இல்லை. சரி, ‘வெக்கை’ படித்தவர்கள்? ஐந்து... ஆறு. கடைசி வரிசையில் ஒருவர் பாதிக் கைதான் தூக்குகிறார், பாதியில் விட்டுவிட்டார் போல.

பூமணியின் ‘வெக்கை’ வந்தது 1982இல். வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ என்று படமாக எடுத்தது 2019இல். நடுவே 37 வருஷம். அதற்குள் கதையின் நாயகன் மகனிலிருந்து அப்பாவுக்கு மாறிவிட்டார், நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நாவலைத் திறந்தாலே சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறான். பதினைந்து வயசு. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவன் திட்டம், ஆனால் வீச்சு விலாவுக்குள் இறங்கி ஆளே போய்விடுகிறான். எனக்கு அந்தக் கைதான் முக்கியம். பெரிய கொலைகாரன் இப்படிக் குறி தவறமாட்டான், சின்னப் பையனுக்குத்தான் கை எங்கே முடிகிறது, உயிர் எங்கே ஆரம்பிக்கிறது என்று அளவு பிடிபடாது. அப்புறம் அப்பாவும் மகனும் காடு மலை என்று ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள், பேசுகிறார்கள், பேசாமலும் கிடக்கிறார்கள். அய்யாவை நாம் பார்ப்பதெல்லாம் பையனின் கண் வழியாகத்தான். அந்த அய்யா அவனைக் குற்றவாளியாக நினைப்பதே இல்லை, சேக்காளியைப் போலத்தான் நடத்துகிறார்.

படத்தில் அந்தக் கண்ணைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று பெரிதாக யோசிக்க வேண்டாம், தனுஷ் பதினைந்து வயசுப் பையனாக வர முடியாது. (2021இல் இதையே தெலுங்கில் ‘நாரப்பா’ என்று எடுத்தபோதும் வெங்கடேஷுக்காகக் காத்திருந்தது அப்பா வேஷம்தான்.) ஆனால் நட்சத்திரக் கணக்கு என்று சொல்லி முடித்துவிட்டால் அது வெற்றிமாறனுக்குச் செய்யும் அநியாயம். போலீஸ் பிடித்த மூத்த மகனை வெளியே கொண்டுவர அப்பா சிவசாமி வீடு வீடாகப் போய் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறாரே, அது படத்துக்காக எழுதிய சிவசாமி. அதனால் அவரைக் கோழை என்று நினைக்கிறோம், சிதம்பரமும் அப்படித்தான் நினைக்கிறான். இடைவேளைக்கு முன்னால் மகனை வெட்ட வரும்போது அதே மனுஷன் எழுந்து நிற்கிறார், தியேட்டர் எழுந்து கத்துகிறது. நானும் கத்தினேன், மறைப்பானேன்.

கத்தி முடித்ததும்தான் உறுத்தியது. அவ்வளவு நேரம் அவர் ஏன் அடங்கிக் கிடந்தார் என்பதற்கு இரண்டாம் பாதியில் ஒரு முன்கதை வருகிறது: சாராயம் காய்ச்சிய இளம் சிவசாமி, அவர் கட்டிக்கொள்ள இருந்த மாரியம்மாள் செருப்புப் போட்டதற்காக அவமானப்படுவது, தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், எரியும் குடிசைகள். அந்தத் தீயைப் பார்க்கிற யாருக்கும் 1968 டிசம்பர் 25, கீழவெண்மணியில் எரிந்துபோன 44 பேர் நினைவுக்கு வராமல் இருக்காது. பூமணி சாதிப் பெயரே சொல்லாமல் எழுதியதைப் படம் உரக்கச் சொல்கிறது. அந்த இடத்தில் நாவலுக்காக வழக்காட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது சிதம்பரம். கென் கருணாஸ் நன்றாகத்தான் நடித்தார், குறை அவரிடம் இல்லை. நாவலில் தானே முடிவெடுத்து அரிவாளை எடுத்த பையன், படத்தில் அப்பாவின் அருமையைத் தெரிந்துகொள்ள வேண்டிய பையனாகிவிட்டான். முடிவைப் பாருங்கள். படத்தில் சிவசாமி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, படிப்பை மட்டும் எவனும் பிடுங்க முடியாது என்று மகனுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறார். கைதட்ட வேண்டிய வசனம்தான். நாவலில் அய்யா அவனை விட்டுவிட்டுப் போவதில்லை. கோர்ட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே நடக்கிறார்கள், வெட்டியவன் அவன்தானே.