கேட்டு ஓடு

நேயர்களுக்கு வணக்கம். 'ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு' என்பார்கள். முதல் பாதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் பாதிதான் நமக்கு மறந்துபோகிறது. தனியாக ஓடுகிறவரை நிறுத்தி, 'ஏன் ஓடுகிறீர்கள்?' என்று எத்தனை பேர் கேட்கிறோம்? 'இவருக்கு என்ன இவ்வளவு திமிர்' என்பதல்லவா முதலில் வாயில் வருகிறது!

ஒத்துப்போக மறுப்பவரைக் கூட்டம் என்ன செய்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆய்வு நினைவுக்கு வரும். 1951இல் ஸ்டான்லி ஷாக்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்டது. தவறு செய்த ஒரு சிறுவனை அன்பால் திருத்துவதா, கண்டிப்பால் திருத்துவதா என்று சிறு சிறு குழுக்களை விவாதிக்கச் சொன்னார். பெரும்பாலோர் அன்பின் பக்கம் சாய்ந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் மூன்று பேர் அவர் அனுப்பிய ஆட்கள். ஒருவர் எல்லோரும் சொல்வதையே சொல்வார். இன்னொருவர் முதலில் முரண்டு பிடித்து, மெல்ல மெல்ல வழிக்கு வருவார். மூன்றாமவர் கடைசிவரை தண்டனைதான் என்று நிற்பார்.

அந்த மூன்றாமவரை முதலில் யாரும் ஒதுக்கவில்லை. கவனியுங்கள், ஒதுக்கவில்லை. எல்லோரும் அவரிடம்தான் பேசினார்கள். எடுத்துச் சொன்னார்கள், மடக்கினார்கள், கெஞ்சாத குறை. நெருக்கமான சில குழுக்களில், இவர் மாறப்போவதில்லை என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு குறைந்தது. நம் வீடுகளிலும் இப்படித்தானே? திட்டிக்கொண்டிருக்கும் வரை நம்மைக் கைவிடவில்லை என்று அர்த்தம். திட்டு நின்றால்தான் பயப்பட வேண்டும்.

பிறகு குழுவின் வேலைகளைப் பங்கிட்டார்கள். பிடிவாதக்காரருக்கு நிர்வாகப் பொறுப்பு தர மனமில்லை. யாருக்கும் பிடிக்காத கடிதப் போக்குவரத்து வேலைக்கு அவர் பெயரைச் சொன்னார்கள். கடிதம் எழுதுவது மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை, அவர்கள் அப்படி நினைத்தார்கள்! வழிக்கு வந்தவருக்கோ எந்தக் குறையும் இல்லை. முதலிலிருந்தே ஒத்துப்போனவரைப் போலவே அவரையும் ஏற்றுக்கொண்டார்கள். எதிர்த்ததை மன்னிக்கிறோம். எதிர்த்துக்கொண்டே இருப்பதைத்தான் மன்னிப்பதில்லை.

இன்னொன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், சரியில்லை என்று தெரிந்தே நாங்கள் எல்லோரும் ஒரு முடிவுக்குக் கை தூக்கினோம். ஒருவர் மட்டும் தூக்கவில்லை. வெளியே வந்ததும் அவர்மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் எரிச்சல்.

அதன் காரணம் எனக்கு வெகுகாலம் கழித்து, பெனுவா மோனான் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது பிடிபட்டது. இனப் பாகுபாடு தொனிக்கும் ஒரு வேலையைச் செய்ய மறுத்தவரைப் பற்றிச் சிலரிடம் கேட்டார்கள். அந்த வேலையில் இறங்காதவர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. தாங்களே அதை முன்பு செய்து முடித்திருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதே ஆள், அதே மறுப்பு. தூரத்தில் நின்று பார்த்தால் வீரர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் திமிர் பிடித்தவர். தன் நல்ல குணம் ஒன்றைப் பற்றி முன்கூட்டியே எழுதியவர்களிடம் அந்தக் கசப்பு தணிந்திருந்தது என்பது எனக்கு இன்னும் சுவாரசியம். கைதூக்கியவனாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை போலிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லையாம். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளை வைத்துச் செய்த சோதனையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: கூட்டமே வேண்டுமென்று கோட்டின் நீளத்தைத் தவறாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூவர் ஒருமுறையாவது அந்தத் தவறைத் தாங்களும் சொன்னார்கள். கூட ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்தத் தவறுகள் ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்தன. அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன், முதல் ஆளே நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டார். வணக்கம்.