வேலிக்கு உள்ளே ஒரு நாள்

வணக்கம் நேயர்களே. விமானப்படைத் தளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஜெட் என்றாலே முதலில் சத்தம்தான். ஜன்னல் அதிரும், தூங்குகிற குழந்தை அலறி எழும். வேலிக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் முடியாது. வருஷத்தில் ஒரு நாள் கதவைத் திறந்து "உள்ளே வாங்க" என்பதற்கு இந்தப் பக்கத்துவீட்டுக் கணக்கும் ஒரு காரணம். ஆள் சேர்ப்பது இன்னொரு காரணம். அதை யாரும் மறைப்பதுமில்லை.

பிரிட்டனில் 1934-இல் 'எம்பயர் ஏர் டே' என்ற பெயரில் பல தளங்களை ஒரே நாளில் திறந்துவிட்டார்கள். 1939 வரை ஆண்டுதோறும் நடந்தது. ஜப்பானில் இருமா விமானப்படைத் தளம் இப்படிக் கதவைத் திறப்பது வழக்கமாக நவம்பர் 3, பண்பாட்டு நாள் விடுமுறையன்று. அன்றைக்கு அங்கே கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்தே நிற்கிறார்கள். சாகசம் பார்க்கத்தானே வந்தார்கள், தப்பில்லை. ஆனால் இன்று அந்தச் சாகசம் ஏன் இவ்வளவு தள்ளி நடக்கிறது தெரியுமா? 1988 ஆகஸ்ட் 28, மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளம். இத்தாலிய சாகசக் குழுவில் ஒரு விமானம் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து வரவேண்டும். மற்றவை குறுக்கே கடக்கவேண்டும். மூன்று விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிந்தபடி கூட்டத்துக்குள் விழுந்தது. விமானிகள் மூவரையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள். அதன்பிறகு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இடைவெளியைக் கூட்டினார்கள், மக்களை நோக்கிப் பறந்துவரும் வித்தைகளுக்குத் தடை போட்டார்கள். கயிறு ரொம்பத் தூரத்தில் கட்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என் கட்சி தரைக்கட்சி. நிறுத்திவைத்த விமானத்தின் கிட்டே போய்ப் பாருங்கள். அங்கங்கே சிவப்பு நாடாக்கள் தொங்கும். 'பறக்கும் முன் கழற்றவும்' என்று அவற்றில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். நாடா கட்டியிருப்பது பாதுகாப்பு ஊசிகளிலும் உறைகளிலும்: சக்கரக் காலில் ஒரு ஊசி, ஆபத்தில் விமானி வெளியேற உதவும் இருக்கையில் ஒரு ஊசி. மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய்க்கு ஒரு உறை. அந்தக் குழாய்க்குள் புகும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் விமானத்தின் வேகமே தெரியும். உள்ளே குளவி கூடு கட்டிவிட்டால் போதும், வேகமானி பொய் சொல்லும். இதையெல்லாம் விமானியிடம் கேட்காதீர்கள். அவரிடம் கையெழுத்து வாங்க ஒரு வரிசையே நிற்கும். பக்கத்தில் கையில் துணியோடு சும்மா நிற்கிறாரே பராமரிப்பு ஊழியர், அவரிடம் கேளுங்கள். ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் பதில் வரும்.

அப்புறம், குப்பை. ஜெட் இன்ஜின் தரையில் கிடப்பதை எல்லாம் உறிஞ்சிவிடும். சின்ன திருகாணியோ கூழாங்கல்லோ உள்ளே போனால் சுழலும் தகடுகள் உடையும், பழுதுபார்க்கப் பெரும் பணம் ஆகும். அதனால் சாதாரண நாளிலேயே வீரர்கள் வரிசையாகத் தோளோடு தோள் நடந்து, குனிந்து பொறுக்குவார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வந்துபோன மறுநாள் அவர்கள் பாடு எப்படியிருக்கும்! தின்பண்ட உறை, கொண்டை ஊசி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு.

உங்கள் தொப்பி காற்றில் பறந்தால் கயிற்றைத் தாண்டி ஓடாதீர்கள். அங்கே நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். அந்தத் தொப்பியைப் பிடிப்பதில் உங்களைவிட அவருக்குத்தான் அவசரம்.