கம்பளி ஃபெல்ட்: தறியில்லாமல் உருவாகும் துணி

[காட்சி: சேலம் அம்மாபேட்டை, தறியில் ஓடும் நாடா]

சேலத்துக்காரர்களுக்குத் துணி என்றால் அது பாவும் ஊடையும் சேர்ந்தது. தறியில் ஓரிழை அறுந்தாலும் நெசவாளரின் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். ஆனால் நூலே நூற்காமல், தறியையே தொடாமல், ஆட்டு ரோமத்திலிருந்து நேரடியாக உருவாகும் துணியும் உண்டு. அதுதான் கம்பளி ஃபெல்ட். கத்தரியால் எப்படி வெட்டினாலும் அதன் ஓரம் பிரியாது, ஏனெனில் அதில் உருவுவதற்கு இழையே கிடையாது.

[காட்சி: நுண்ணோக்கியில் கம்பளி இழை]

நூலில்லாமலே இது துணியாவதன் காரணம் இழையின் மேற்பரப்பில் இருக்கிறது. ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதுபோல, கம்பளி இழையைச் சுற்றிலும் நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிச் சரிந்து படிந்திருக்கின்றன. இதனால் இழை வேர்ப்பக்கமாக எளிதில் நகரும். எதிர்த்திசையில் செதில் தடுக்கும். வெந்நீரும் சோப்பும் சேர்ந்து இழையை ஊறவைத்து வழுக்கச்செய்ய, கை அழுத்தி உருட்ட உருட்ட, ஒவ்வோர் இழையும் முன்னேறிச் சென்று அண்டை இழைகளோடு பின்னிக்கொள்கிறது. பின்னியதைப் பிரிக்க முடியாது. ஏற்காட்டுக் குளிருக்கென்று வாங்கிய கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் கசக்கித் துவைத்தால் அது குழந்தைச் சட்டையளவுக்குச் சுருங்கித் தடித்துவிடுவதும் இதே நிகழ்வுதான். பருத்திக்குச் செதில் இல்லை. எவ்வளவு உருட்டினாலும் அது ஃபெல்ட் ஆகாது.

[காட்சி: ஏற்காட்டில் ஒரு வீட்டுத் திண்ணை, விரித்த கோரைப்பாய்]

கழுவிச் சீவிய கம்பளியை மெல்லிய கற்றைகளாகப் பிய்த்து, முதல் அடுக்கை நீளவாக்கிலும் அடுத்த அடுக்கைக் குறுக்குவாக்கிலும் பரப்ப வேண்டும். எங்காவது அடுக்கு மெலிந்திருந்தால் பின்னர் அங்கே ஓட்டை விழும். ஆகவே இந்தக் கட்டத்தில் அவசரமே கூடாது. பிறகு சோப்பு கரைத்த வெந்நீரைத் தெளித்து, முதலில் உள்ளங்கையால் மிக மென்மையாகத் தேய்க்க வேண்டும். தொடக்கத்திலேயே பலம் காட்டினால் அடுக்குகள் விலகிக் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். மேற்பரப்பை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள்: தனி இழைகள் எழும்பினால் இன்னும் தேய்க்க வேண்டும், முழுப் பரப்பும் ஒரே தோலாக எழும்பினால் பாயோடு சுருட்டி உருட்டலாம். எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் அது அதிகமாகச் சுருங்கும் என்பதால், அடிக்கடி திருப்பிப் போட்டு உருட்ட வேண்டும். சுருக்கத்தைக் கணக்கிட்டுத் தொடக்கத்திலேயே பெரிதாகப் பரப்புவதில்தான் இந்தக் கைத்தொழிலின் உண்மையான தேர்ச்சி இருப்பதாக நான் கருதுகிறேன்.

[காட்சி: அல்தாய் மலைகளின் வரைபடம்]

இந்தக் கலை மிகப் பழமையானது. தென் சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் உள்ள பாசிரிக் புதைமேடுகளை 1940களின் இறுதியில் தொல்லியலாளர் செர்கேய் ருதென்கோ தலைமையிலான குழு அகழ்ந்தபோது, உள்ளே கசிந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகியிருந்ததால், 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஃபெல்ட் திரையும் ஃபெல்ட்டால் செய்த அன்னப் பறவைகளும் நிறம் மங்காமல் கிடைத்தன. அவை இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. மங்கோலிய மேய்ப்பர்கள் தங்கள் வட்டக் கூடாரங்களுக்கான ஃபெல்ட்டைச் சுருட்டிக் கட்டிக் குதிரையால் இழுக்கச் செய்து உருட்டுகிறார்கள். கிர்கிஸ்தானின் ஃபெல்ட் விரிப்புகளை யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டு அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. காஷ்மீரின் நம்தா விரிப்பும் இதே குடும்பம்.

இதன் வரலாற்றில் ஒரு வேதனையான பகுதியும் உண்டு. ஃபெல்ட் தொப்பிக்கான முயல் ரோமத்தைப் பக்குவப்படுத்த ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாதரச நைட்ரேட் பயன்பட்டது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் கைகால்கள் நடுங்கின, மனநிலை பாதிக்கப்பட்டது. அமெரிக்காவில் இவ்வழக்கம் 1941ஆம் ஆண்டுதான் முடிவுக்கு வந்தது.

[காட்சி: மேச்சேரி ஆட்டு மந்தை]

இனி, நம் ஊரில் செய்ய விரும்புவோருக்கு. சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆடு இதற்கு உதவாது. அதன் உடலில் இருப்பது குட்டையான முடி, கம்பளி அன்று. இறைச்சிக்கும் தரமான தோலுக்கும் வளர்க்கப்படும் இனம் அது. தமிழ்நாட்டில் மென்கம்பளி தருவது நீலகிரி ஆடு. கோயம்புத்தூர் இன ஆட்டில் மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்களைக் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான இனம் இது. கடையில் கம்பளி வாங்குவதானால், இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறிப்பிட்டதைத் தவிர்த்துவிடுங்கள். அத்தகைய கம்பளியின் செதில்களைக் குளோரினால் அரித்தோ, மேலே பிசின் பூசியோ அடக்கியிருப்பார்கள். அதை நாள் முழுதும் உருட்டினாலும் ஃபெல்ட் ஆகாது.