பதறாத காரியம் சிதறாது

சங்கத் தலைவர் ஐயா அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய அதிபர் அவர்களே, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆட்சி ஆட்டம் கண்டால் சாமான் விலை ஏறுமென்று சனம் ஏன் பயப்படுகிறது, மத்திய வங்கி என்ன செய்தது, நம் கூட்டுறவுச் சங்கக்கடை என்ன செய்யலாம் என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

2022 ஜூலை 13. கோட்டாபய ராஜபக்ச விடியுமுன்னே மாலைதீவுக்குப் போய்விட்டார் என்று செய்தி. எங்கள் சந்திக் கடையில் கால் வைக்க இடமில்லை. ஓர் ஆச்சி தீப்பெட்டியைப் பொதி பொதியாகக் கேட்கிறா. "ஏனணை இவ்வளவு?" என்று கேட்டால், "ஜனாதிபதியே ஓடிட்டார், நாளைக்கு நெருப்புக்கு எங்கை போறது?" என்கிறா. அதைக் கேட்டவுடன் பின்னால் நின்றவர்களுக்கும் தீப்பெட்டி வேண்டும்! கடைக்காரத் தம்பி பருப்பு மூட்டையை உள்ளே இழுத்துவிட்டார். "அண்ணை, நாளைக்கு என்ன விலைக்கு வாங்குவேனோ தெரியாது, கால் கிலோதான்." அந்தப் பருப்பு பழைய விலைக்கு வாங்கியது. டொலரும் மே மாதத்திலிருந்து 360 ரூபாயை ஒட்டியேதான் நின்றது. ஆனாலும் மத்தியானத்துக்குள் விலை ஏறிவிட்டது. ஏறும் என்ற நினைப்பே ஏற்றிவிட்டது.

ஆச்சியில் பிழை சொல்லமாட்டேன். அந்த மார்ச்சில் 200 ரூபாய் டொலர் இரண்டு மாதத்தில் 360 ஆனதையும், ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அரசு அறிவித்ததையும் பார்த்த சனம் அது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். ஆனால் பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருக்க, நம்பிப் பார்க்க ஒரு விலை வேண்டுமே?

மத்திய வங்கி ஏப்ரலில் ஒரேயடியாக வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அடுத்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம் ஆனது. வட்டி ஏறினால் கடன் வாங்கிச் செலவழிப்பது குறையும், விலையேற்றமும் தணியும்.

வட்டி வீதம் ஆச்சியின் காதுக்கு வராது. சங்கக்கடைப் பலகை கண்ணில் படும். அரிசி, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய் நான்குக்கும் திங்கட்கிழமை விலை எழுதுங்கள். கொழும்பில் யார் வந்தாலும் போனாலும், கையிருப்பு முடியும்வரை அதை மாற்றாதீர்கள். பதறாத காரியம் சிதறாது, தலைவர் ஐயா! அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்கக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. அங்கத்தவர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.