எத்தனை கிலோவுக்கு இறங்குவது?

வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். கிளினிக்கில் நிறை பார்க்கிற தராசுக்குப் பக்கத்திலேயே வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த தாதி நான். ஓய்வு பெற்ற பிறகும் சந்தையில், கோயிலில், பஸ்ஸில் காண்கிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மிஸ், நான் எத்தனை கிலோவுக்கு வரவேணும்?" எதைச் சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது என்று சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. எங்கே போய் நிற்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. அதனால் இன்று சோற்றைப் பற்றியோ சீனியைப் பற்றியோ நான் கதைக்கப் போவதில்லை. அந்த இலக்கைப் பற்றி மட்டும்தான்.

முதலில், ஆட்கள் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். கனடாவில் இருக்கிற தங்கச்சி 55 கிலோவாம், அப்ப நானும் 55. போனில் ஒரு செயலி சொன்னது 52. சிலர் கலியாணப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள், இந்தக் கலியாணப் படம்தான் என்னை மிகவும் பாடுபடுத்திய சாமான், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விடுங்கள்.

கிளிநொச்சியில் தருமபுரம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கிளினிக்குக்கு வருவார். உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 76 கிலோ, பிரஷருக்குக் குளிசை, சீனியும் எல்லையில் நிற்கிறது. எத்தனை கிலோவுக்கு வர ஆசை என்று கேட்டேன். யோசிக்காமல் 48 என்றார். ஏன் 48? "கலியாணம் கட்டேக்க நான் 48 தானே மிஸ்." எப்போது கலியாணம்? 1997. எங்கே? அக்கராயனில், கொட்டிலில். 1996இல் போரால் கிளிநொச்சிப் பட்டணம் இடம்பெயர்ந்து போனதும், அதற்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் நாங்கள் சீவித்ததும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பலருக்கு நினைவிருக்கும். நிவாரண அரிசி, பருப்பு, கிடைத்தால் மா. சைக்கிள்கூட இல்லாதவர்கள் தண்ணீருக்கும் விறகுக்கும் மைல் கணக்கில் நடந்த காலம். அந்தக் காலத்து 48 கிலோ ஆரோக்கியத்தால் வந்த நிறையா, பசியால் வந்த நிறையா? படத்தில் கன்னம் ஒட்டிப்போய்த்தான் இருந்தது, அவரே ஒரு நாள் கொண்டுவந்து காட்டினார். அந்தப் பசிக்குத் திரும்பிப் போகவா இப்போது பாடுபடப் போகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் 48ஐ விடவில்லை. 76இலிருந்து 48 என்றால் 28 கிலோ. அவ்வளவு தூரத்தில் இலக்கை வைத்தால் மூன்று கிலோ இறங்கும்போது மகிழ்ச்சி வராது, இன்னும் 25 இருக்கிறதே என்ற சலிப்புத்தான் வரும். சலித்தவர் இரண்டாம் மாதம் கிளினிக்குக்கே வரமாட்டார், பிரஷர் குளிசையும் அதோடு நின்றுவிடும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் அவருக்கு வைத்த முதல் இலக்கு 72. அவ்வளவுதான். இப்போது இருக்கிற நிறையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு ஐந்து. 60 கிலோ என்றால் 3, 80 கிலோ என்றால் 4, 100 கிலோ என்றால் 5. அக்காவுக்குக் கோபம்கூட வந்தது, "நாலு கிலோவுக்கா இவ்வளவு கதை" என்று.

நாலு கிலோவில் கதை இருக்கிறது. அமெரிக்காவில் சீனி வருத்தம் வரக்கூடிய நிலையில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. அவர்களுக்குக் கொடுத்த இலக்கு, இருக்கிற நிறையில் நூற்றுக்கு ஏழு குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பதும்தான். அவர்களின் சராசரி நிறை 94 கிலோ, குறைந்தது சராசரியாக 5.6 கிலோ. யாரும் மெலிந்து குச்சியாகிவிடவில்லை, உயரத்துக்கு இத்தனை நிறை என்கிற அட்டவணைப்படி பார்த்தால் அவர்களில் பெரும்பாலானோர் இன்னும் குண்டுதான். ஆனால் ஏறத்தாழ மூன்று வருடத்தில், வெற்றுக் குளிசையும் வழக்கமான அறிவுரையும் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், சீனி வருத்தம் வந்தவர்கள் நூற்றுக்கு 58 வீதம் குறைவு. அதே ஆய்வில் சீனிக்கு மருந்து எடுத்தவர்களை விடவும் இவர்கள் நன்றாக இருந்தார்கள். "அது வெள்ளைக்காரர் உடம்பு, எங்களுடையது வேறு" என்பீர்கள். சரி, சென்னையில் எங்களைப் போன்ற உடம்புக்காரரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. அங்கே உணவையும் நடையையும் திருத்தியவர்களுக்குச் சீனி வருத்தம் நூற்றுக்கு 28 வீதம் குறைந்தது, அதுவும் தராசில் சொல்லும்படியாக நிறை இறங்காமலே. தராசு பேசாமல் இருக்கும்போதும் உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி அட்டவணைக்கு வருகிறேன். உடற்திணிவுச் சுட்டி, கிளினிக்கில் பி.எம்.ஐ. என்போம். நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, அந்த உயரத்தால் இரண்டு தரம் பிரிப்பது. 1830களில் பெல்ஜியத்தில் கெட்லே என்ற ஒரு கணித, வானியல் அறிஞர் சராசரி மனிதர் எப்படி இருப்பார் என்று பார்க்கப் போட்ட கணக்கு அது. உங்களுக்கோ எனக்கோ இலக்கு வைக்க அவர் அதைப் போடவில்லை. 1972இல்தான் அதற்கு இப்போதைய பெயரே வந்தது. உலகத்துக்குப் பொதுவாக 25க்கு மேலே கூடுதல் நிறை என்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுவதால், 23இலிருந்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். 150 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 23 என்பது ஏறக்குறைய 52 கிலோ, 160க்கு 59, 170க்கு அறுபத்தாறரை. இந்த எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டாம், குறித்தால் நாளைக்கே அதுதான் இலக்காகிவிடும்! 23 ஒரு கவனிக்கச் சொல்லும் கோடு. 76இல் இருப்பவர் அந்தக் கோட்டுக்கு வந்தால்தான் நன்மை என்று எங்கும் எழுதியில்லை.

எனக்குத் தராசைவிடத் தையல் நூலில்தான் நம்பிக்கை. வீட்டில் ஒரு நூலை எடுங்கள், நீங்கள் நிற்க, உங்கள் உச்சியிலிருந்து குதி வரை யாரையாவது அளந்து வெட்டச் சொல்லுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். மடித்த நூலை வயிற்றைச் சுற்றிக் கட்டிப் பாருங்கள், நுனிகள் முட்டினால் நல்லது, முட்டாவிட்டால் வயிறு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது, வேலை இருக்கிறது. எங்கே கட்டுவது என்பதில்தான் ஐயாமார் எல்லாரும் கள்ளம் செய்வார்கள். சாரம் கட்டுகிற இடம், பெல்ட் போடுகிற இடம் எல்லாம் வயிற்றுக்குக் கீழே இறங்கிப் பல வருடமாகிவிட்டது, அங்கே அளந்தால் எல்லாரும் நலமே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்காமல். இங்கிலாந்தில் 2022இலிருந்து வைத்தியர்களுக்கான வழிகாட்டலிலேயே இந்தப் பாதிக் கணக்கு இருக்கிறது. நாடா இருந்தால் எங்கள் ஆட்களுக்கு ஆண்கள் 90 சென்ரிமீற்றருக்குள், பெண்கள் 80க்குள்.

நூல் நல்லது என்று சொன்னேன், தராசு வேண்டாம் என்று சொல்லவில்லை. தராசை நம்பாதீர்கள் என்று சொன்னால்தான் பிழை, அது எதைச் சொல்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். நெல் விற்றவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை: அறுத்த கையோடு கொண்டுபோனால் நெல் நிறுக்கும், ஆனால் ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு மேலே என்றால் நெல் சந்தைப்படுத்தும் சபையின் தரத்துக்குள் வராது, காயப்போட்டால் நிறை இறங்கும், நெல்மணி ஒன்றுகூடக் குறையவில்லை. பட்டினி கிடந்த முதல் வாரத்தில் உங்களுக்கு இறங்குகிற இரண்டு மூன்று கிலோவில் பெரும்பங்கு அந்த ஈரம்தான். உடம்பு சேமித்து வைத்த மாச்சத்து கரையும்போது அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போகிறது. அதைப் பார்த்து "வாரம் மூன்று கிலோ, அப்ப இரண்டு மாதத்தில் 24" என்று கணக்குப் போடுகிறவர்கள் மூன்றாம் வாரம் தராசு அசையாமல் நிற்கும்போது உடைந்துபோகிறார்கள். வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. வாரத்தில் ஒரு நாள், காலையில் மலசலம் கழித்த பிறகு, சாப்பிடாமல், ஒரே மாதிரி உடுப்போடு, சீமெந்துத் தரையில் தராசை வைத்து. மணல் முற்றத்தில் வைத்து நிறுத்துவிட்டு எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று, இதை வன்னியில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது. ஒரு காலை இழந்தவர்களுக்கு இந்த அட்டவணை பொய் சொல்லும். எந்த அட்டவணையிலும் இது எழுதியிருப்பதில்லை, சுவரில் ஒட்டுகிறவருக்கும் நினைவு வருவதில்லை. முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி பாதத்தோடு சேர்த்து உடல் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 6. இடுப்பிலிருந்து முழுக் கால் என்றால் 16. முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒரு தம்பி, உயரம் 168, பொய்க்காலைக் கழற்றிவிட்டு நிறுத்தால் 66 கிலோ என்று வைப்போம். அட்டவணை 23.4 என்று சொல்லும், பரவாயில்லை என்று அனுப்பிவிடுவார்கள். இல்லாத காலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவர் 70 கிலோ ஆள், சுட்டி 25ஐத் தொடுகிறது. இலக்கு வைக்கும்போதும் அப்படித்தான், இரண்டு கால் உள்ளவருக்கு 65 என்றால் அவருக்கு 61. பொய்க்கால் போட்டு நிறுப்பதா கழற்றி நிறுப்பதா என்பதையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு மாதம் போட்டு ஒரு மாதம் கழற்றி நிறுத்து "இரண்டு கிலோ இறங்கிட்டேன்" என்றவர்களைக் கண்டிருக்கிறேன். நிறை இறங்க இறங்க மிஞ்சிய காலும் சிறுக்கும், பொய்க்காலின் குழி தொளதொளக்கும், உரசிப் புண் வரும். சீனி வருத்தக்காரருக்கு அந்தப் புண் லேசில் ஆறாது. ஆகவே நிறை குறைக்கத் தொடங்கும்போதே கால் செய்து தந்த இடத்திலும் சொல்லி வையுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இடுப்புக்குக் கீழே தசை கரைந்திருக்கும், அதனால் சுட்டி குறைவாகத் தெரிந்தாலும் கொழுப்பு கூடவாக இருக்கலாம், அவர்களுடைய இலக்கை வைத்தியரோடு இருந்துதான் வைக்க வேண்டும்.

தருமபுரத்து அக்காவை இடையில் விட்டுவிட்டேன். 72 வந்தது. உடனே 48ஐத் தொடங்கவிடாமல் அந்த நிறையிலேயே சில மாதம் நிற்கச் சொன்னோம். உடம்பு சிறுத்தால் அதற்குத் தேவையான சாப்பாடும் குறையும், பழைய அளவுக்குத் திரும்பினால் பழைய நிறையும் திரும்பும், ஆகவே பிடித்து நிற்கப் பழகுவதும் இலக்கில் ஒரு பகுதி. பிறகு அடுத்த இருபதில் ஒன்று. கடைசியில் அவர் 66இல் நின்றார், அதற்குக் கீழே போக அவருக்கும் விருப்பமில்லை, வீட்டில் சமைப்பதையும் கோயில் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வாழ முடியாதென்றார். அட்டவணை இன்னும் கூடுதல் என்றுதான் சொன்னது. பிரஷர் குளிசையில் ஒன்றை வைத்தியர் நிறுத்தினார், நூலின் நுனிகள் கிட்டக் கிட்ட வந்தன. எனக்கு அது போதும். 23க்கு இறக்கியிருக்க வேண்டும் என்று வாதாடுகிற வைத்தியர்களும் உண்டு, அவர்களோடு நான் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அறிவிப்பாளர் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து மணிக்கூட்டைக் காட்டுகிறார். அறுபத்தைந்து தாண்டியவர்களைப் பற்றி ஆறுதலாகக் கதைக்க வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் நிறை இறங்கும்போது தசையும் சேர்ந்து போகும், விழுந்தெழும்ப முடியாமல் போகும், ஆகவே இளம் ஆட்களின் எண்ணை அவர்களுக்கு வைக்காதீர்கள், முட்டை, மீன், பருப்பைக் குறைக்காதீர்கள். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் அதே இருபதில் ஒரு பங்கு இறங்கினால் சந்தோசப்படாமல் வைத்தியரிடம் போங்கள், சீனி வருத்தமோ, காசமோ, வேறு ஏதாவதோ இருக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களும் சீனிக்குக் குளிசை எடுக்கிறவர்களும் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னமே கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிப் பிள்ளைகளே, இன்று நான் சொன்னது ஒன்றும் உங்களுக்கு இல்லை, உங்கள் நிறையைக் குடும்பநல உத்தியோகத்தர் பார்த்துக்கொள்வார். வணக்கம்.