"கேள்வி ஏதும் உண்டா?" எட்டுப் பேரும் ஏன் வாயே திறக்கல?

[திரையில்: கோலாலம்பூர் அலுவலகம். எல்லார் கண்ணும் மேசை மேல.]

மலாய் ஊழியர்கள் கூட்டம். மேலாளர் மலாய்ல கேக்குறார்: "அடா சோஆலான்?" கேள்வி ஏதும் உண்டா? எட்டுப் பேரும் அமைதி. "சரி, எல்லாருக்கும் சம்மதம்"னு குறிச்சுக்கிறார். பத்து நிமிஷம் கழிச்சு பேன்ட்ரியில அதே எட்டுப் பேர், "இந்தத் தேதிக்குள்ள முடியவே முடியாது"ன்னு பேசிக்கிறாங்க.

பின்னணி சுருக்கமா: நாடுகளோட பண்பாட்டை ஒப்பிட்ட டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட், ஐபிஎம் ஊழியர்கள்கிட்ட எடுத்த கருத்தாய்வுல, மேலதிகாரத்தை ஏத்துக்கிற அளவுல மலேசியாவுக்கு 104 புள்ளி. பட்டியல்லயே உச்சம். ஆனா அது மலாய்க்காரர் மட்டுமில்லாம மொத்த நாட்டுக்கான எண். அதைவிட மூணு மலாய்ச் சொல் நிறைய சொல்லும்.

'மாலு': வெட்கமும் மானமும் கலந்தது. 'ஜாகா ஹாத்தி': அடுத்தவர் மனசு நோகாம பாத்துக்கறது. 'செகான்': இது பயம் இல்லைங்க. பெரியவர் முன்னாடி கால் நீட்டாம உக்காருவோமே, அந்தக் கூச்சம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரு மலாய்ப் பழமொழி: "டியாம் ஊபி பெரிசி, டியாம் பெசி பெர்காராட்." கிழங்கு சும்மா இருந்தா உள்ளே பருக்கும், இரும்பு சும்மா இருந்தா துருப்பிடிக்கும். ரெண்டுமே மௌனம்தான்! எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கிழங்கு மௌனம்னா, கூட்டம் முடிஞ்சதும் ஆள் தனியா வருவார், இல்ல வாட்ஸ்அப்ல எழுதுவார். திருத்தம் இப்படி வரும்: "மாஆஃப் யா, முங்கின் சாயா சிலாப்... இது போன மாசக் கணக்கோ?" மன்னிக்கணும், ஒருவேளை நான்தான் தப்போன்னு ஆரம்பிக்கிறார். நல்லாக் கேளுங்க, உங்க கணக்கு தப்புன்னு அவர் சொல்லிட்டார்! உங்க முகம் வாடாம இருக்க, பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். எவ்வளவு நாசூக்கு!

இரும்பு மௌனத்துல எல்லாத்துக்கும் ஒரே பதில்: "இகூட் போஸ் லா." பாஸ் சொல்றபடியே. சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு கைவிட்டுட்டார். முன்னாடி எப்பவோ அவர் சொன்னது கண்டுக்கப்படாம போயிருக்கும்.

எல்லா மலாய்க்காரரும் இப்படின்னு இல்ல. வயசு, ஊர், தொழிலைப் பொறுத்து மாறும்.

சரி, என்ன செய்யலாம்? திட்டத்தை முந்தின நாளே அனுப்புங்க. கூட்டத்துல உங்க கருத்தைக் கடைசியாச் சொல்லுங்க. பாஸ் முடிவு சொன்னப்புறம் மறுக்கறது 'கூராங் ஆஜார்', வளர்ப்பு சரியில்லாத நடத்தையாத் தெரியும். "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா "ஆமா"தான் வரும். "இதுல எந்த இடத்துல சிக்கல் வரும்?"னு தனியாக் கேளுங்க. கேட்டப்புறம் வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. ரெண்டாவது நிமிஷத்துலதான் உண்மை வரும்.

பலர் தவறுறது இங்கதான்: குறை சொன்னவர் பேரைச் சபையில சொல்லிப் பாராட்டுவாங்க. அவருக்கு அது மாலு, மத்தவங்க கண்ணுல காட்டிக்கொடுத்தவர். அடுத்த தடவை வரமாட்டார். பேர் சொல்லாம, திருத்தினதை மட்டும் காட்டுங்க.

உங்க ஆபீஸ்ல மென்மையா 'முடியாது' எப்படிச் சொல்றாங்க? கமென்ட்ல எழுதுங்க.

தொழிற்சாலையில இருக்கறவங்களுக்கு ஒண்ணு. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த மலேசியத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தப்படி, உடனடி ஆபத்தை முதலாளி நீக்கலைன்னா ஊழியர் அந்த இடத்தை விட்டு விலகலாம். ஆனா செகான் நாக்கைக் கட்டிப்போடும். அதனால 'நிறுத்து'ன்னு வாயால சொல்ல வைக்காதீங்க. கை உயர்த்தினா மெஷின் நிக்கணும், ஏன்னு அப்புறம் கேக்கலாம். முதல் தடவை கை உயர்த்திப் பழகிக்காட்ட வேண்டியவர் சூப்பர்வைசர்.